மூன்றாம் பாட்டில்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே காலுக்கு ரிஜிஸ்டர் என்கிற கல்லூரி மாணவி சமையலறைக்குள் நுழைந்தபோது, அவளுடைய அம்மா மூன்றாம் பாட்டிலுக்குள் பிரஷ்ஷை விட்டுக் குடைந்துகொண்டிருந்தாள். பாட்டிலின் வாயிலிருந்து நுரை பொங்கி முழங்கைவரை வழிந்தது.

"அம்மா! என்ன பண்றே?"

"பாத்தா தெரியலே? கழுவறேன். எப்படிப் பளபளன்னு ஆயிடுச்சு பாரு."

"எதைப் போட்டு?"

"எதைப் போட்டுக் கழுவுவாங்க? சோப்புத்தூள்தான்."



"இன்னிக்கு மட்டுமாம்மா? இல்லே..."

"இன்னிக்கு மட்டுமா! வாராவாரம் யாரு தேய்க்கறதாம்? நீயா? உங்கப்பாவா? இந்த வீட்டுல பெருக்கினாலும் நான், துடைச்சாலும் நான், கதவு கிறீச்சுன்னா எண்ணெய் விடறதும் நான். உன் பாட்டில் மட்டும் தானாக் கழுவிக்குதா?"

கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா ஒருமுறை இருமினார். பிறகு பக்கத்தைத் திருப்பினார்.

இந்தச் சின்ன விஷயத்துக்கு ஒரு பெண் ஏன் முகம் வெளுத்து நிற்க வேண்டும் என்பதை முறையாகச் சொல்லிவிடுவது நல்லது.

ஊரின் நடுவே ஒரு ஓடை போகிறது. அதன் தண்ணீர் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்க்க, கல்லூரியில் நாலு மாணவர்கள் மூன்று வருடத்துக்கு முன்பு தாமாக முன்வந்து ஒரு குழு அமைத்திருந்தார்கள். வேதியியல் மேடம் அதற்குப் பொறுப்பு. சனிக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு, நாலு பேரும் நாலு இடத்தில் இறங்கி, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வர வேண்டும். பாட்டிலை ஓடைத் தண்ணீரிலேயே மூன்று முறை அலசி, பிறகு அதன் வாயை நீரோட்டத்துக்கு எதிரே காட்டி, கலக்காமல் பிடிக்க வேண்டும். பரிசோதனை முடிந்ததும் அவரவர் பாட்டிலை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்; சோப்பு மட்டும் போடவே கூடாது. கல்லூரியில் வைத்தால் யாராவது அதில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிடுகிறார்கள்.

முதல் இடம், பாலத்துக்கு மேலே, நெட்டை என்கிற பையனுக்கு. இரண்டாம் இடம் வாயாடிக்கு. அந்தப் பெண்ணைப் பற்றி அந்தப் பெயரே போதும். நாலாம் இடத்துக்காரனுக்கு வருடம் முழுவதும் ஜலதோஷம். தும்முவதைத் தவிர அவன் இந்த விவகாரத்தில் வேறொன்றும் செய்யவில்லை. மூன்றாம் இடம் லாண்டரிக் கடையின் பின்சுவரைத் தாண்டிப் பத்தடி தூரத்தில் இருந்தது. அது ரிஜிஸ்டருக்கு; அவளுடையதுதான் மூன்றாம் பாட்டில்.

எதையும் தேதி, நேரம், வரிசை எண் போட்டு எழுதி வைக்கிற பழக்கம் இருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். சினிமாவுக்குப் போனாலும் இடைவேளை எத்தனை மணிக்கு விட்டார்கள் என்று குறித்து வைப்பாள்.

தண்ணீரைக் குப்பியில் ஊற்றி, ஒரு பொட்டலம் மருந்துத்தூளைப் போட்டுக் குலுக்கி ஐந்து நிமிடம் வைத்தால், அதில் சோப்புத்தூளின் உப்பு இருக்குமானால் நீலமாகிவிடும். நீலம் எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு சோப்பு. ஐந்து வாரமாக மற்ற மூன்று குப்பிகளும் நிறமில்லாமல் இருக்க, மூன்றாம் குப்பி மட்டும் பேனா மையைப் போல நீலம் காட்டியது.

ரிஜிஸ்டர் அதைச் சும்மா விடவில்லை. பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு நகர அலுவலகத்துக்கு ஆறு பக்கக் கடிதம் எழுதினாள். மேடம் கையெழுத்துப் போட்டார். சுகாதார அதிகாரி கடிதத்தைப் படித்து, "இப்படி ஒரு மனுவை என் சர்வீஸ்ல பாத்ததில்லே" என்று சொல்லி, புதன்கிழமையன்று லாண்டரிக் கடைக்குப் பூட்டுப் போட்டு அரக்கு சீல் வைத்துவிட்டார்.

அது புதன்கிழமை. இன்று வெள்ளிக்கிழமை. நடுவில் ஒரே ஒரு நாள்தான் அவள் பெருமையாக இருந்தாள்.

அம்மா துணி எடுக்க மாடிக்குப் போகும்வரை காத்திருந்து, ரிஜிஸ்டர் மூன்றாம் பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, கல்லூரிப் பையில் இருந்த குப்பியையும் மருந்துப் பொட்டலத்தையும் எடுத்து அவசரமாகச் சோதித்துப் பார்த்தாள். குப்பி கருநீலமானது. குழாயின் மேல் வீண் பழி வரக்கூடாது என்று, குழாய்த் தண்ணீரை நேராகக் குப்பியில் பிடித்தும் பார்த்தாள். நிறமே இல்லை.

'வெள்ளி, 5.50, குழாய்த் தண்ணீர், மூன்றாம் பாட்டில், கருநீலம்' என்று நோட்டில் எழுதினாள். எழுதிய பிறகு அதை அடித்தாள். மூன்று வருட நோட்டில் அதுதான் முதல் அடித்தல்.

லாண்டரி மாமா என்று ஊரே கூப்பிடுகிற அந்தக் கடைக்காரரிடம் சோப்பு இல்லாமல் இருக்காது. ஆனால் குப்பியில் நீலம் காட்டிய சோப்பு, அவள் வீட்டுச் சோப்பு. ஒரு குற்றமும் செய்யாத மனுஷனின் பிழைப்பை, வரிசை எண் போட்டுக் கெடுத்தாகிவிட்டது.

அம்மாவிடம் சொல்லலாம். ஆனால் அம்மா அந்தத் தெரு முழுக்க, "எம் பொண்ணு ஒரே கடுதாசியில கடையையே மூடிட்டா" என்று சொல்லி முடித்திருந்தாள். பாட்டில் தேய்த்த கையால்தான் கடை மூடியது என்று தெரிந்தால் தாங்க மாட்டாள். ஒரு வாரம் அழுவாள். அப்புறம் ஒரு வருடம் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

யாருக்கும் தெரியாமல் நாமே சரி செய்துவிடலாம் என்று ரிஜிஸ்டர் முடிவு செய்தாள். அந்த முடிவை அன்று அவள் எடுக்காமல் இருந்திருக்கலாம்.

முதல் வழி மிகச் சுலபமாகத் தோன்றியது. புது பாட்டிலில் பிடித்தால் தண்ணீர் சுத்தம் என்று வரும். சுத்தம் என்று வந்தால் லாண்டரி மாமா மேல் தப்பில்லை என்று ஆகும். பூட்டைத் திறந்துவிடுவார்கள்.

சனிக்கிழமை, கடையில் வாங்கிய புது பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். அவள் நினைத்தபடியே மூன்றாம் குப்பி வெறும் தண்ணீராக, நிறமே இல்லாமல் நின்றது.

"மேடம்!" என்று துள்ளினாள் ரிஜிஸ்டர். "சுத்தமா இருக்கு பாருங்க! சோப்பே இல்லே!"

வாயாடி அவளைவிட உயரமாகத் துள்ளினாள். "பாத்தீங்களா மேடம்? புதன்கிழமை கடையை மூடினாங்க, சனிக்கிழமை தண்ணி சுத்தமாயிடுச்சு! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ரிஜிஸ்டரின் கால் தரையில் பட்டது.

"இல்லேடி, அது வந்து..."

"என்ன வந்து போயி? அந்த ஆளு, நான் ஒரு சொட்டு விடலேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காரு. இப்ப என்ன சொல்வாராம்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கச்சிதமா இருக்கும்மா. இதையும் ஒரு கடிதமா எழுதிடு. உன் பாணியிலேயே எழுது" என்றார்.

நாலாம் இடத்துக்காரன் தும்மினான். அதை ஆமோதிப்பாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கடிதத்தையும் ரிஜிஸ்டர்தான் எழுதினாள். வேறு யாரும் எழுதினால் அவ்வளவு நன்றாக வராது என்று எல்லோரும் சொன்னார்கள்.

இதற்குள் ஊரில் வேறொரு சங்கடம் தலைதூக்கியிருந்தது. பூட்டிய கடைக்குள் பாதி ஊரின் துணி மாட்டிக்கொண்டிருந்தது. பஸ் கண்டக்டர் ஒருவர் சீருடைக் கால்சட்டை இல்லாமல் பூப்போட்ட கால்சட்டையில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணுக்கு வேலைக்கான நேர்காணல். அவளுடைய கோட்டு உள்ளே. சீல் வைத்த சுகாதார அதிகாரியின் இரண்டு வெள்ளைச் சட்டைகளும் உள்ளேதான் இருந்தன. விசாரணை நடக்காமல் தன் கையால் வைத்த சீலைத் தானே உடைக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததால், அவர் கசங்கிய சட்டையோடும் கடுகடுத்த முகத்தோடும் ஊரைச் சுற்றி வந்தார்.

ரிஜிஸ்டர் யோசித்தாள். சுத்தமான தண்ணீர் மாமாவைக் குற்றவாளி ஆக்கினால், அழுக்குத் தண்ணீர் அவரை நிரபராதி ஆக்க வேண்டும். கடை பூட்டியிருக்கும்போதே சோப்பு வந்தால், அது கடையிலிருந்து வரவில்லை என்றுதானே பொருள்? குழந்தைக்குக்கூடப் புரியுமே!

இரண்டாம் சனிக்கிழமைக்கு முந்தைய நாள், அவள் பழைய மூன்றாம் பாட்டிலைத் தன் கையாலேயே, இரண்டு கரண்டி சோப்புத்தூள் போட்டுக் கழுவினாள். மறுநாள் ஓடையில் அதை அலசவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு வந்தாள்.

குப்பி நீலமாகவில்லை, கறுத்தே போய்விட்டது.

"கடை பூட்டியிருக்கு மேடம்" என்றாள் ரிஜிஸ்டர், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்து. "ஆனாலும் சோப்பு வருது. அப்படின்னா கடைமேல தப்பில்லேன்னுதானே..."

மேடமின் முகம் மாறியது. தொலைபேசியை எடுத்தார். அரை மணி நேரத்தில் சுகாதார அதிகாரி வந்து சேர்ந்தார். குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பூட்டுப் போட்டப்புறமும் சோப்பு வருதுன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

"கடைமேல தப்பில்லேன்னு அர்த்தம் சார்" என்றாள் ரிஜிஸ்டர்.

"நீ சின்னப் பொண்ணும்மா. உலகம் தெரியாது. பூட்டுக்கு உள்ளே ஆள் இருக்கான்னு அர்த்தம்! பின்கதவு வழியா புகுந்து திருட்டுத்தனமா வேலை பாத்துட்டிருக்கான். என் சட்டையெல்லாம் உள்ளே பூட்டிக் கெடக்கு, இவன் யார் சட்டையை வெளுக்கறான்?"

"சார், அவரு அப்படிப்பட்டவர் இல்லே..."

"உனக்கு இளகின மனசு" என்று பாராட்டிவிட்டுப் போனார். மாலைக்குள் லாண்டரியின் மின்சாரத்தைத் துண்டித்து, பின்கதவை அடைத்துச் செங்கல் சுவர் எழுப்பியாகிவிட்டது.

வாயாடி ரிஜிஸ்டரின் தோளைத் தட்டினாள். "உன்னாலதாண்டி பிடிபட்டாரு! நீ மட்டும் இல்லேன்னா இன்னும் ஊரை ஏமாத்திட்டிருப்பாரு."

"அப்படிச் சொல்லாதேடி."

"ஏன் அழறே?"

"அழலே. மருந்துத்தூள் கண்ணுல பட்டுடுச்சு."

மூன்றாவது வழியை அவள் இடது கையால் எழுதினாள். கையெழுத்து தெரியக்கூடாது அல்லவா? பெயரில்லாத கடிதம். 'லாண்டரிக்காரர் நிரபராதி. மாணவர்கள் எடுத்த மாதிரிகளில் பிழை இருக்கலாம். மறுபடி விசாரிக்கவும்.' எழுத்து கோழி கிளறியது போல் நன்றாகவே வந்தது. ஆனால் கை இடதாக இருந்தாலும் பழக்கம் பழக்கம்தானே. பொருள், பார்வை, இணைப்பு மூன்றும் தன்னால் வந்து விழுந்தன. ஐந்தாவது பத்தியில் உள்பிரிவு 'அ', 'ஆ' கூட இருந்தது.

திங்கட்கிழமை அதிகாரி அந்தக் கடிதத்தோடு கல்லூரிக்கே வந்துவிட்டார்.

"மேடம், இதைப் பாருங்க. உங்க பிள்ளைங்க எழுதின மனுவை முன்னாடி வச்சுக்கிட்டு அந்த லாண்டரிக்காரன் அப்படியே காப்பியடிச்சிருக்கான்! இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டுன்னு! எவ்வளவு திமிர் இருந்தா மாணவர்கள் மேலேயே பழியைத் திருப்புவான்?"

நெட்டை கடிதத்தை எட்டிப் பார்த்தான். "ரிஜிஸ்டர், இது உன் கடுதாசிக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரியே இருக்கே!"

"புதன்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை" என்றார் அதிகாரி. "அரசாங்கத்துக்கு மொட்டைக் கடுதாசி, சாட்சிகளைக் களங்கப்படுத்தறது, சீல் வச்ச இடத்துல நுழையறது. மூணுக்கும் சேத்து லைசென்ஸை ரத்து பண்ணிடறேன். அதோட அவன் கதை முடிஞ்சுது."

அன்று மாலை ரிஜிஸ்டர் லாண்டரிக்குப் போனாள். எதற்குப் போனாள் என்று கேட்டால் அவளாலேயே சொல்லியிருக்க முடியாது. நோட்டில்கூட எழுதவில்லை.

லாண்டரி மாமா பூட்டிய ஷட்டருக்கு முன்னால், படிக்கட்டில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கடை மூடியிருந்தும் காலை எட்டு மணிக்கு வந்து இரவு கடை சாத்தும் நேரம்வரை அங்கேயே இருக்கிறாராம். வருகிற வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

"வாம்மா" என்றார் அவளைப் பார்த்ததும். "உங்கப்பாவோட பேண்ட் ரெண்டு உள்ளே இருக்கு. எட்டாம் நம்பர் கம்பியில. கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லு."

"மாமா..."

"நீங்க பசங்க ஏதோ தண்ணியைப் பரிசோதிச்சீங்களாமே. உங்களைச் சொல்லலேம்மா. உங்க வேலை அது. ஆனா சத்தியமாச் சொல்றேன், என் கடைத் தண்ணி ஒரு சொட்டு ஓடைக்குப் போகாது. பின்னாடி குழி வெட்டி வச்சிருக்கேன். கடை ஆரம்பிச்ச வருஷம் வெட்டினது. இன்னிவரைக்கும் நிரம்பினதே இல்லே. அவ்வளவு நல்ல குழி!"

"தெரியும் மாமா. தப்பு உங்க மேல இல்லே."

"நீ ஒருத்தியாவது சொன்னியே." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க அண்ணன் வேற ஊர்ல இருக்காரு. அவர்கூட வந்துடுன்னு கூப்பிடறாரு. இந்த வயசுல போயி அடுத்தவன் கடையில இஸ்திரி போடணும். என்ன பண்றது? புதன்கிழமை தெரிஞ்சுடும்."

அவர் அவளுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். எதிர்க்கடையிலிருந்து தேநீர் வரவழைத்தார். அந்தத் தேநீரைக் குடித்து முடிக்க ரிஜிஸ்டருக்கு இருபது நிமிடம் ஆனது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் அவள் ஒப்புதல் வாக்குமூலம் எழுதினாள். மொத்தம் பதினொரு குறிப்புகள். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சோப்புப் போட்டது தான்தான் என்று எழுதிக்கொண்டாள். கடைசி வாரம் அது உண்மையும்கூட.

புதன்கிழமை நகர அலுவலகக் கூடத்தில் கசங்கிய சட்டைகளால் நெரிசல். துணியைப் பறிகொடுத்தவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். லாண்டரி மாமா ஓர் ஓரத்தில் இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அதிகாரி தொண்டையைச் செருமினார்.

அதற்குள் ரிஜிஸ்டர் எழுந்துவிட்டாள்.

"குறிப்பு ஒன்று" என்று ஆரம்பித்தாள். "குறிப்பு இரண்டு..." மீதி ஒன்பதையும் படிக்க அவளுக்குப் பொறுமை இல்லை. காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"சார், சோப்பு பாட்டில்ல இருந்தது. ஓடையில இல்லே."



"வாராவாரம் பாட்டிலைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவியிருக்கு. அதான் நீலமாச்சு. புது பாட்டில்ல பிடிச்சேன், சுத்தமா வந்துது. மறுபடி சோப்புப் போட்டேன், மறுபடி கறுத்துது. மொட்டைக் கடுதாசி எழுதினதும் நான்தான். மாமா மேல ஒரு தப்பும் இல்லே சார்."

"சோப்பு யாரு போட்டது?"

"நான்தான் சார். எனக்கு விதி தெரியும். இருந்தும் போட்டேன்."

வாயாடி வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

மேடம் மெதுவாக எழுந்தார். "இரும்மா. பிடிக்கறதுக்கு முன்னாடி ஓடைத் தண்ணியில மூணு தடவை அலசுவோமே. அந்த அஞ்சு வாரமும் அலசினியா?"

"அலசினேன் மேடம்."

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும்."

"அலசினா, சோப்பு அவ்வளவு..."

"அலசறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மேடம்!" என்று பின்வரிசையிலிருந்து கண்டக்டர் குரல் கொடுத்தார். "பொண்ணே ஒத்துக்கிச்சு! முதல்ல கடையைத் திறங்க. ரெண்டு வாரமா பூப்போட்ட பேண்ட்டோட பஸ்ல நிக்கிறேன், பிரயாணிங்க டிக்கெட் வாங்காம சிரிக்கறாங்க!"

கூடம் முழுவதும் "திறங்க, திறங்க" என்றது. எல்லோரையும்விட ஆவலாக அதிகாரியே சாவியை எடுத்தார்.

மேடம் உட்கார்ந்துவிட்டார். கேள்வியின் மறுபாதி அவரிடமே நின்றுவிட்டது.

பிறகு நடந்தவற்றை வரிசையாகச் சொல்லலாம். அதிகாரி லாண்டரி மாமாவின் கையைப் பிடித்துப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். செங்கல் சுவரை இடித்தார்கள். 'இக்கடையினால் ஓடைக்கு யாதொரு தீங்கும் இல்லை' என்று முத்திரை போட்டு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். மாமா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வாசலில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டினார். ஊரே அனுதாபப்பட்டதில் வியாபாரம் பெருகி, புதிதாக இரண்டு சலவை இயந்திரங்களும் வந்து இறங்கின.

மாணவர் குழுவின் மூன்று வருடப் பதிவுகள் செல்லாது என்று நகர அலுவலகம் எழுதி அனுப்பியது. இனி ஓடை சம்பந்தமாகக் கல்லூரியிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் பிரிக்காமல் திருப்பி அனுப்புவது என்று தீர்மானமும் போட்டார்கள். குழு கலைக்கப்பட்டது. மேடம் ரிஜிஸ்டரைத் திட்டவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. மருந்துப் பொட்டலங்களை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டி, அலமாரியின் மேல்தட்டில் தூக்கிப் போட்டுவிட்டார்.

நெட்டை அவளைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். வாயாடி மட்டும் ஒருநாள் நின்று பேசினாள்.

"மூணு வருஷம்டி. மழையில, பனியில, பரீட்சைக்கு முந்தின நாள்கூட போயி நின்னோம். ஒரு பாட்டிலை ஒழுங்கா வச்சுக்கத் தெரியலையா உனக்கு?"

"மன்னிச்சுடுடி."

"மன்னிச்சாச்சு. ஆனா சனிக்கிழமை காலையில ஏழு மணிக்கு முழிப்பு வந்துடுது. எழுந்து என்ன பண்றதுன்னுதான் தெரியலே."

ரிஜிஸ்டருக்கும் அப்படித்தான் இருந்தது. அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூடத்தில் மூன்றாம் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, அதைக் குப்பையில் போடுவதா வேண்டாமா என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்பா எதிரே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். லாண்டரியிலிருந்து வந்த கால்சட்டையின் மடிப்பு கத்தி போல நின்றது.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அந்தப் பாட்டிலைக் கட்டிக்கிட்டு அழாதே! நாலு பேர் முன்னாடி போயி தலைகுனிஞ்சு நின்னுட்டு வந்திருக்கே. சோப்புப் போடக்கூடாதுன்னு தெரிஞ்சா ஏன் போட்டே? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

ரிஜிஸ்டருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்றேன். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

செய்தித்தாள் கொஞ்சம் தாழ்ந்தது.

"அந்த அஞ்சு வாரமும் சோப்புப் போட்டது நான் இல்லேப்பா. அம்மாதான். தெரியாம செஞ்சா, பாவம். வாராவாரம் தேய்ச்சு வச்சிருக்கா. அவ பேரு வரக்கூடாதுன்னு நானே ஏத்துக்கிட்டேன்."

செய்தித்தாள் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

"குழு போச்சு, மேடம் முகத்துல முழிக்க முடியலே, எல்லாம் சரி. ஆனா ஒரு தப்பும் பண்ணாத மனுஷனுக்கு நியாயம் கெடைச்சுதே. அது ஒண்ணு போதும்ப்பா எனக்கு."

அப்பா செய்தித்தாளை நாலாக மடித்துக் கீழே வைத்தார். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"மெதுவாப் பேசும்மா, அவ காதுல விழுந்துடப் போகுது... எண்ணெய் சிந்திடுச்சுன்னு உங்கம்மா அந்த ஒரு வெள்ளிக்கிழமை கழுவினதோட சரி; மத்த வாரமெல்லாம் நீ மேடையில வச்சுட்டுப் போற பாட்டிலை எடுத்து அலமாரியில கவுத்து வச்சது நான்தான், அதுல சோப்பு என்ன, ஒரு சொட்டுத் தண்ணிகூடப் படலே."